நன்றி சொல்ல வேண்டிய இடைவேளை

கபடிக் களத்தில் நிற்கும் ஒரு பெண் அந்த நேரத்தில் வேலையில் இருக்கிறாளா, இல்லையா? ஆமென்றோ இல்லையென்றோ ஒரே சொல்லில் பதில் சொல்லும்படி ஒரு நாள் என்னிடம் கேட்டார்கள். சொன்னேன். சொன்ன பதில் சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தவறு என்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைக்கிற நாட்களில் இரண்டு தரப்புக்காகவும் மனத்துக்குள் வாதாடிப் பார்க்கிறேன். இறங்கும் இடம் வரும்போது எந்தத் தரப்பில் பேசிக்கொண்டிருந்தேன் என்பதே குழம்பிப்போகிறது.

நான் சமூகப்பணியில் முதுகலை படித்தவள். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் தொழிலாளர் நல அலுவலராக இருக்கிறேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். எங்கள் ஆலைக்குப் பெண்கள் கபடி அணி ஒன்று உண்டு. அந்தப் பெண்கள் அனைவரும் ஆலையின் தொழிலாளர்கள். கபடி ஆடத் தெரிந்ததால்தான் அவர்களுக்கு வேலை கிடைத்தது என்பதையும், வேலை இருப்பதால்தான் அவர்களால் கபடி ஆட முடிகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். காலையில் வைண்டிங் பிரிவில் நூலைக் கோனில் சுற்றும் இயந்திரங்களுக்கு முன்னால் நிற்பார்கள். மதியத்துக்குப் பிறகு பஞ்சுக் கிட்டங்கிக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் பயிற்சி. இரவில் ஆலையின் விடுதி. போட்டிக்கு வெளியூர் போகும் நாட்களில் டைம் ஆபீஸில் அவர்கள் பெயருக்கு நேராக 'ஆன் டூட்டி' என்று பதிவாகும். நான் சேர்வதற்கு முன்பிருந்தே அதுதான் வழக்கம். யாரும் அதைப் பற்றி யோசித்ததில்லை, நானும் யோசித்ததில்லை.

யோசிக்க வைத்தது ஒரு முழங்கால்.

அணியில் இடது கார்னரில் நிற்கும் பெண்ணுக்குச் சொந்த ஊர் தேவதானம். 'கபடி கபடி' என்று பாடி வருகிற எதிரணிப் பெண்ணின் கணுக்காலைத் தாவிப் பிடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அப்படித் தாவிய ஒரு போட்டியில் அவள் முழங்கால் திரும்பிக்கொண்டது. ஜவ்வு கிழிந்துவிட்டது, அறுவை சிகிச்சை வேண்டும், பல மாதம் ஓய்வு வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். அது வேலையில் பட்ட காயம் என்று ஆலை எழுதிக் கொடுத்தால் சிகிச்சையும் ஓய்வும் அவளுக்கு உரிமையாகிவிடும்; வேலையும் அப்படியே இருக்கும். எழுதிக் கொடுக்காவிட்டால் அது நீண்ட விடுப்பு. நீண்ட விடுப்பில் போகிறவர்களின் பெயர் ஆலையில் அதிக நாள் தங்குவதில்லை.

நான் பொது மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் கடுமையானவர் அல்லர். என்னை உட்காரச் சொல்லி, காபி வரவழைத்து, அதன் பிறகே மறுத்தார்.

"மெஷின்ல கை மாட்டுனா அது வேலைம்மா. நான் ஓடிவந்து கையெழுத்துப் போடுவேன். இது விளையாட்டு. விளையாடப் போயி விழுந்ததுக்கு மில்லு என்ன செய்யும்?"

"ஆனா அன்னைக்கு ஆன் டூட்டின்னு போட்டிருக்கே, சார்."

"அது சம்பளம் கட்டாகாம இருக்கறதுக்காகச் செய்யற உபகாரம். உபகாரத்தைப் புடிச்சுக்கிட்டு உரிமைன்னா எப்படி?"

அவர் சொன்னது அநியாயம் என்று அறையை விட்டு வெளியே வரும்போது தோன்றியது. கான்டீன் வரை நடந்து வருவதற்குள், அதில் ஏதோ ஒரு தர்க்கம் இருக்கத்தான் செய்கிறது என்றும் தோன்றியது. ஆலையின் பணிவிதிகளான நிலையாணைகளைப் புரட்டினேன். இயந்திரத்தைப் பற்றி, தீயைப் பற்றி, குடித்துவிட்டு வேலைக்கு வருவதைப் பற்றியெல்லாம் அதில் இருந்தது. கபடி இல்லை.

சில நாள் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளி மைதானத்தில் நடந்த போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு நானும் போனேன். வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். மேடையில் ஊர்ப் பிரமுகர்களோடு எங்கள் பொது மேலாளரும் ஆலை நிர்வாகக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மாலை வெயில் மேடைக்கு நேராக அடித்ததால் அவர்கள் எல்லாரும் நெற்றிக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தது, களத்தில் இருந்த பெண்களுக்கு சலாம் வைப்பதுபோல இருந்தது. கார்னர் பெண் முழங்காலில் பட்டைக் கட்டோடு, ஆடாதவர்களுக்கான பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளே பிடிவாதமாக வந்திருந்தாள்.

அணித் தலைவி செட்டியார்பட்டிக்காரி. மெலிந்த உடம்பு, நீண்ட கை. எதிரணிக் களத்துக்குள் ஒரே மூச்சில் 'கபடி கபடி' என்று சொல்லிக்கொண்டே நுழைவதைப் பாடிப் போவது என்று இங்கே சொல்வோம். அப்படிப் பாடிப் போவதில் அவள் குரல் மைதானத்தின் கடைசி வரிசை வரை கேட்கும். எங்கள் அணிக்காக முதலில் பாடிப் போவது எப்போதும் அவள்தான். அன்றும் நடுக்கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள். போய் நின்றாள். வாய் திறக்கவில்லை.

எதிரணிப் பெண்கள் ஏழு பேரும் கைகோத்தபடி இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடாதவளைப் பிடிப்பதா விடுவதா என்று அவர்களுக்கும் தெரியவில்லை. கூட்டத்திலிருந்து ஒரு பெண்குரல், "ஏட்டி, வாய்க்குள்ள பால்கோவாவ அடைச்சுக்கிட்டு வந்துட்டியா?" என்றது. அதற்கு எழுந்த சிரிப்பு அடங்குவதற்குள் நடுவர் ஊதினார். பாடாமல் நின்றது பிழை. எதிரணிக்கு ஒரு புள்ளி.

வர்ணனையாளருக்கு என்ன சொல்வதென்று புரியவில்லை. "ரசிகப் பெருமக்களே, மைக்குல கோளாறு ஒண்ணுமில்ல. அவிய பாடல" என்று அறிவித்தார்.

அவளுக்கு மயக்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன். குளுக்கோஸ் பொட்டலத்தையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு எல்லைக்கோடு வரை ஓடினேன். அவள் என்னைப் பார்த்து, "எனக்கு ஒண்ணும் இல்லக்கா. நீங்க போய் உக்காருங்க" என்றாள். முகத்தில் வேர்வைகூட இல்லை. அதற்குப் பிறகு ஒழுங்காக ஆடினாள். பாடினாள், தொட்டாள், பிடிபட்டாள், மறுபடி எழுந்தாள். முதல் ரெய்டை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

இந்தப் பக்கத்துப் போட்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. இடைவேளையில் இரண்டு அணித் தலைவிகளின் கையிலும் மைக்கைக் கொடுப்பார்கள். தங்கள் நிறுவனத்துக்கும் விழாக் குழுவுக்கும் அவர்கள் நன்றி சொல்ல வேண்டும். எல்லா வருடமும் எல்லாரும் சொல்லும் அதே நாலு வாக்கியம்தான். சொல்லும்போது கூட்டம் முறுக்கும் சுண்டலும் வாங்கிக்கொண்டிருக்கும்; ஒருவரும் கேட்க மாட்டார்கள். எதிரணித் தலைவி நன்றி சொல்லி முடித்தாள். எங்கள் தலைவி மைக்கை வாங்கினாள். முதுகில் ஆலையின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அந்த முதுகு கூட்டத்துக்கும் முகம் மேடைக்குமாக நின்றாள்.

"எல்லாருக்கும் வணக்கம். எங்க கூட ஆடுறவளுக்கு ஆட்டத்துல முட்டி போயிருச்சு. அது விளையாட்டு, வேலை இல்லன்னு மில்லுல சொல்லிட்டாங்க. நாங்க ஆடுறது வேலை இல்லன்னா, ஒரு தடவை பாடாம நின்னா தப்பில்லைல்லா? அதான் செத்த நேரம் சும்மா நின்னு பாத்தேன். வேலைதான்னா அவ காலைப் பாருங்க. நன்றி."

கடைசியில் நன்றி சொன்னாள் என்பதை நான் பின்னால் பலமுறை எடுத்துச்சொல்ல வேண்டியிருந்தது.

கூட்டத்தில் சிலர் கைதட்டினார்கள். எதற்கு என்று தெரியாமல் தட்டியவர்களும் இருந்திருப்பார்கள். மேடையில் நிர்வாகக் குடும்பத்தைச் சேர்ந்தவர் நெற்றிக்குக் கொடுத்திருந்த கையை எடுக்கவில்லை. பெஞ்சில் இருந்த கார்னர் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். சந்தோஷமா, வெட்கமா, பயமா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆட்டம் தொடர்ந்தது. முடிவில் எங்கள் அணி மூன்று புள்ளியில் தோற்றது. பாடாமல் கொடுத்தது ஒரு புள்ளிதான். ஆனாலும், "மொத அடியே சறுக்குனா பொறவு எப்படி எந்திரிக்க?" என்று பயிற்சியாளர் யாரையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டு பந்தலுக்கு வெளியே போனார்.

நான் வீடு சேர்வதற்குள் அவள் பேச்சு யார் யாருடைய கைபேசிக்கோ போய்விட்டிருந்தது. அப்பா கடையை அடைத்துவிட்டு வந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்க மில்லுப் பிள்ளையா? என் கடையில வேலை பாக்கறவன் என் கடை வாசல்லயே நின்னுக்கிட்டு என்னையப் பேசுனா நான் சும்மா விடுவேனா?" என்றார். மறுபடியும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். "ஆனா பிள்ளை பொய்யா ஒண்ணும் சொல்லலையே" என்றார். அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் அதன்பின் பல நாள் நான் நின்றேன்.

மறுநாள் பொது மேலாளர் காபி வரவழைக்கவில்லை.

"வேலை நேரத்துல ஒழுங்கீனம். நிர்வாகத்தோட பேரைக் கெடுத்தது. விசாரணை வையுங்க" என்றார். "நான் என்ன அந்தப் பிள்ளைகளுக்கு எதிரியாம்மா? இந்த டீமே வேண்டாம்னு மேல சொல்லிக்கிட்டு இருக்காங்க. நான்தான் கையில கால்ல விழுந்து ஓட்டிக்கிட்டு இருக்கேன். இப்ப நான் போயி என்னன்னு பேச? டீமைக் கலைச்சா அத்தனை பிள்ளைகளும்தான போகும்?"

அவர் சொன்ன வாக்கியங்களில் ஒன்று என்னைப் பிடித்து நிறுத்தியது. வேலை நேரத்தில் ஒழுங்கீனம். முழங்கால் போனபோது வேலையாக இல்லாத கபடிக் களம், வாய் திறந்தபோது வேலையாகிவிட்டது. அதை அவரிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தபோதுதான் மறுபக்கம் கண்ணில் பட்டது. ஆட்டம் வேலை இல்லை என்று ஸ்தாபித்துவிட்டால் தலைவியை யாரும் தண்டிக்க முடியாது. ஒரு குடிமகள் ஒரு மைதானத்தில் தனக்குப் பட்டதைச் சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் அவள் யாருக்காகப் பேசினாளோ அவளுடைய முழங்கால் அத்தோடு கைவிடப்படும். ஆட்டம் வேலைதான் என்று ஸ்தாபித்தாலோ, முழங்காலுக்கு வழி பிறக்கும். பேசியவள் வேலை நேரத்தில் நிர்வாகத்தை அவமதித்தவளாகிவிடுவாள். ஒருத்தியைத் தூக்கும் கை இன்னொருத்தியைக் கீழே விடுகிறது.

கல்லூரியில் பேச்சுரிமையைப் பற்றி ஒரு பருவம் முழுக்கப் படித்திருக்கிறேன். அரசியலமைப்புச் சட்டம் தரும் அந்த உரிமை அரசைப் பார்த்துக் கேட்பதற்கானது. தனியார் ஆலையின் கேட்டுக்குள் அது நேராக நுழைவதில்லை என்று தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். பள்ளி மைதானம் கேட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று யாரும் தேர்வில் கேட்கவில்லை.

அன்று மாலை விடுதிக்குப் போனேன். அலுவலகத்தில் மேடமாக இருக்கும் நான் விடுதியில் அக்காவாகிவிடுவேன். அங்கேதான் உண்மை வரும். தலைவி கட்டிலில் உட்கார்ந்து தலைமுடியை உலர்த்திக்கொண்டிருந்தாள். கார்னர் பெண் பக்கத்துக் கட்டிலில் காலை நீட்டியிருந்தாள். வ. புதுப்பட்டியிலிருந்து வந்த இன்னொரு ஆட்டக்காரி ஜன்னலோரம் நின்று தலைவியைத் திட்டிக்கொண்டிருந்தாள். நான் வந்தது தெரிந்தும் அவள் நிறுத்தவில்லை.

"எங்க அண்ணன் மிலிட்டரியில இருந்துக்கிட்டு, போலீஸ் செலக்சனுக்கு கப்பு ஜெயிச்ச சர்ட்டிபிகேட்டு வேணும்ட்டி, வேணும்ட்டின்னு தினம் போன் போடுதான். நீ என்னடான்னா மொத ரெய்டுலயே மௌன விரதம் இருக்கே!"

"மூணு பாயிண்டுல தோத்தோம். நான் குடுத்தது ஒண்ணு. மிச்ச ரெண்டும் நீ காலை விட்டுட்டு இடுப்பைப் புடிச்சதுல போனது" என்றாள் தலைவி.

"ஏட்டி, அதைப் பேசாத! ஒனக்கு ஞாயம் வேணும்னா ஒன் வேலையைப் பணயம் வை. எங்க டீமை எதுக்கு வைக்கே?"

"அவ வேலையும்தான போவப் போகுது" என்று கார்னர் பெண் மெல்லச் சொன்னாள். "நான் கேக்கவே இல்லக்கா. இவளா போயி பேசிட்டு வந்துட்டா. இப்ப எனக்கு முட்டியும் வலிக்கு, மனசும் வலிக்கு."

"ஒன் மனசுக்கு ஐஸ் வையுட்டி" என்றாள் புதுப்பட்டிக்காரி. மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு அவள் மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கோபமும் நியாயம்தான் என்று எனக்குப் பட்டது. அவள் வியர்வை சிந்திய ஆட்டத்தில் அவளைக் கேட்காமல் ஒரு புள்ளி செலவழிக்கப்பட்டிருந்தது.

நான் தலைவியிடம் இரண்டு வழியையும் விளக்கினேன். விசாரணையில் அன்று பணியில் இருந்தாயா என்று கேட்பார்கள். இல்லை என்றால் நீ தப்பிப்பாய், இவள் கால் போகும். ஆமென்றால் இவளுக்கு வழி உண்டு, உன் வேலை போகலாம். அந்த வேலை போனால் அவளுக்கு விடுதியும் மைதானமும் சேர்ந்தே போகும் என்பது எங்கள் நால்வருக்கும் தெரியும்.

"நீங்க என்ன சொல்லுதீங்க?"

"எனக்குத் தெரியல."

"படிச்ச நீங்களே தெரியலன்னா?" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே வியந்தாள். எனக்கு அதுதான் அதிகம் வலித்தது. பிறகு முடியைக் கொண்டை போட்டுக்கொண்டு, "சரி, அங்க வந்து பாத்துக்கிடுதேன். கபடியிலயும் கோட்டைத் தாண்டுன பொறவுதான் எந்தப் பக்கம் போகன்னு தெரியும்" என்றாள்.

விசாரணை பொது மேலாளர் அறையில் நடந்தது. மேசைக்கு ஒரு பக்கம் அவரும் நானும், எதிர்ப்பக்கம் அவள். சீருடையில் வந்திருந்தாள், காதோரத்தில் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது. நான்தான் கேள்விகளைப் படித்தேன். மைக்கில் பேசியது நீதானா? ஆமா. யாரும் தூண்டினார்களா? இல்ல. அடுத்த கேள்வியையும் படித்தேன். அன்று அந்த நேரத்தில் நீ பணியில் இருந்தாயா?

அவள் என்னைப் பார்க்கவில்லை. பொது மேலாளரைப் பார்த்தாள்.

"நீங்களே சொல்லுங்க சார். இருந்தேனா?"

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் எந்தப் பக்கம் கால் வைத்தாலும் ஒருத்தி அவருடைய கணுக்காலைப் பிடித்துவிடுவாள். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். பிறகு, யாரும் எதிர்பாராதபடி, கேள்வியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"நீங்கதான் நல அலுவலர். நம்ம வழக்கம் என்ன சொல்லுது மேடம்? இருந்தாங்களா, இல்லையா? ஒரே வார்த்தை."

இப்போது அவளும் என்னைப் பார்த்தாள்.

அந்த நேரத்தில் என் மனத்தில் ஓடியதைக் கோவையாகச் சொல்ல முடிந்தால் இதை எழுதவே வேண்டியிருக்காது. முழங்கால் திரும்பி வராது, வேலை வேறு கிடைக்கலாம் என்று ஒரு குரல். யாருடைய வேலையைப் பற்றி நீ இவ்வளவு தாராளமாக முடிவெடுக்கிறாய் என்று இன்னொரு குரல். ஆன் டூட்டி என்று இத்தனை வருடமாகச் சொல்லிவருவது உண்மைதானே, உண்மையைச் சொல்வதற்கு எதற்கு இத்தனை கணக்கு என்று மூன்றாவது குரல்.

"இருந்தாங்க சார். பணியிலதான் இருந்தாங்க" என்றேன்.

நான் அதோடு நிறுத்தவில்லை. பணியில் இருப்பவர் தன் குறையைச் சொன்னால் அது ஒழுங்கீனம் ஆகாது என்று தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார்.

"குறையை எங்கிட்ட வந்து சொல்லட்டும், ஒங்ககிட்டச் சொல்லட்டும். மைக்லயா சொல்லணும், விருந்தாளிகளுக்கு முன்னால?"

"உங்ககிட்டச் சொன்னோம்ல சார்" என்றாள் அவள். "மேடம் வந்து சொன்னாங்க. காபி குடுத்து அனுப்பிட்டீங்க."

இதற்கு நான் சிரிக்கக் கூடாது, சிரிக்கவில்லை. ஆனால் அவர் சிரித்தார். கோபமும் வருத்தமுமாக, கொஞ்சம் தன்னைத் தானே நொந்துகொள்வதுபோல. "வாய் இருக்கு பாத்தீங்களா" என்று என்னிடம் சொன்னார். "சரி. வேலைதான்னா ரெண்டும் வேலைதான். அந்தப் பிள்ளைக்கு வேலையில பட்ட காயம்னு எழுதிக் குடுத்திருங்க. இந்தப் பிள்ளை வேலை நேரத்துல செஞ்சதுக்கு டீம்ல இருந்து நீக்கியாச்சு. மில்லு வேலை இருக்கும், ஷிஃப்ட்டு மாறும். வெளிய அனுப்பச் சொல்லித்தான் மேல சொன்னாங்க. நான் இந்த மட்டோட நிறுத்தறேன்."

அவள் எழுந்து கும்பிட்டாள். கதவு வரை போய்த் திரும்பி, "ஆபரேசன் எந்த ஊர்ல சார் செய்வாங்க?" என்று கேட்டாள். அவர் பதில் சொன்னார். அவள் போய்விட்டாள்.

வென்றோமா தோற்றோமா என்று எனக்கு விளங்கவில்லை. வேலை போகவில்லை, ஆனால் எந்த ஆட்டத்துக்காக அந்த வேலை கிடைத்ததோ அது போய்விட்டது. என் ஒரு சொல் இல்லாமலிருந்தால் கார்னர் பெண்ணின் கதி என்ன ஆகியிருக்கும் என்று யோசிப்பேன். 'இல்லை' என்று சொல்லியிருந்தால் டைம் ஆபீஸில் போட்டுவைத்த 'ஆன் டூட்டி'யோடு முரண்பட்டு அவரே மாட்டிக்கொண்டிருப்பாரோ, இரண்டு பேரும் தப்பித்திருப்பார்களோ என்றும் யோசிப்பேன். அவர் என்னைக் கேட்டது என் படிப்பை மதித்தா, பழியை என் தலையில் இறக்கவா என்பதும் தெரியவில்லை.

சில மாதம் கழித்து ஒரு மாலை பஸ் நிலையத்தில் பழைய தலைவியைப் பார்த்தேன். ஷிஃப்ட் முடிந்து ஊருக்குப் போகிறாள். மறுநாள் வார விடுமுறை. விடுதியில் ஆட்டக்காரிகளின் அறையிலிருந்து அவளை வேறு அறைக்கு மாற்றியிருந்தார்கள்.

"எம்மேல கோவமா?" என்று கேட்டுவிட்டேன். அப்படிக் கேட்பது அவள்மேல் இன்னொரு சுமையை ஏற்றுவது என்று கேட்ட பிறகுதான் உறைத்தது.

"நீங்க சொன்னது சரிதான்க்கா. நான் அந்த இடத்துல இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்." பையைத் தோளில் மாற்றிப் போட்டாள். "ஆனா கோவமும் இருக்கு. என்ன செய்ய, ரெண்டும் இருக்கு."

"மறுபடி அந்த மைக்கைக் கையில குடுத்தா?"

"குடுக்க மாட்டாங்களே" என்று சிரித்தாள். செட்டியார்பட்டி பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாக, "அவ இப்ப மெதுவா ஓட ஆரம்பிச்சிட்டா, பாத்தீங்களா?" என்றாள். பார்த்தேன் என்றேன்.

கார்னர் பெண்ணுக்கு அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. இப்போது அவள்தான் அணித் தலைவி. அவளுக்கு அது பிடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. புதுப்பட்டிப் பெண் அடுத்த போட்டியில் சான்றிதழ் வாங்கிப் போலீஸ் தேர்வுக்குப் போயிருக்கிறாள். பழைய தலைவி வைண்டிங் பிரிவில் சுற்று ஷிஃப்டில் இருக்கிறாள். விடுமுறை நாட்களில் ஊரில் சின்னப் பெண்களோடு ஆடுகிறாள் என்று கேள்வி.

மேலிடத்திலிருந்து ஒரு புதிய ஏற்பாடு வந்தது. அதை விதியாக எழுதிக் கொடுத்ததும் நான்தான். இப்போதெல்லாம் போட்டி நாட்களில் டைம் ஆபீஸில் 'ஆன் டூட்டி' போடுவதில்லை. 'சிறப்பு விடுப்பு' என்று போடுகிறார்கள். சம்பளம் முன்போலவே உண்டு. களத்தில் எங்கள் பெண்கள் என்ன பேசினாலும் ஆலை கேள்வி கேட்க முடியாது. களத்தில் அடிபட்டால் ஆலையைக் கேள்வி கேட்கவும் முடியாது. இடைவேளையில் மைக் வரும்போது புதிய தலைவி அதை வாங்கி, அந்த நாலு வாக்கிய நன்றியைச் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறாள்.